திண்டிவனத்துப் புளியும் பேக்கரிச் செர்ரியும்

திண்டிவனத்தில் டீ குடிக்க ஒதுங்கிய ஒரு பேக்கரியில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கேக் துண்டின் தலையில் ஒரு சிவப்புப் பழம் உட்கார்ந்திருந்தது. அதைத் தனியே எடுத்து, தட்டில் வைத்து, கரண்டிக் காம்பால் பிளந்து பார்த்தேன். செர்ரிக்கு உள்ளே உருண்டையாக ஒற்றைக் கொட்டை இருக்கும். அதை எடுத்துவிட்டால் உருண்டையான குழிதான் மிஞ்ச வேண்டும். இதில் குழி இல்லை. கத்தியால் நெடுக்கக் கீறிய தடமும், சப்பையான விதைகள் ஒட்டியிருந்த சுவடும் இருந்தன. கடைக்காரரிடம் கேட்டேன். "செர்ரி சார், ஒரு கிலோ பாக்கெட்டா மெட்ராஸ்லேர்ந்து வருது" என்றார். பாக்கெட்டை வாங்கிப் பார்த்தால், முன்பக்கம் பெரிதாகச் செர்ரி. பின்பக்கம், கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்க வேண்டிய எழுத்தில், கரோண்டா.

கரோண்டா இந்திப் பெயர். நம்மூரில் அது களாக்காய்.

அதே பேருந்து நிலையத்தில், பேக்கரியிலிருந்து நாற்பது அடி தள்ளி, ஒரு ஆயா முறத்தில் களாக்காயைக் கூறு கட்டி வைத்திருந்தார். பாதி வெள்ளை, பாதி ரோஸ். ஓரிரண்டு கருத்துப் பழுத்தவை. பக்கத்தில் ஒரு டப்பாவில் உப்பும் மிளகாய்த்தூளும். "கூறு இருபது ரூபா. புளிக்கும், சின்னப் பிள்ளைக்கு வாங்காதப்பா" என்று எச்சரித்துவிட்டுத்தான் பொட்டலம் கட்டினார். ஒரே காய் அங்கே இனிக்கிறது, இங்கே புளிக்கிறது. அங்கே அதற்கு வெளிநாட்டுப் பெயர், இங்கே உள்ளூர்ப் பெயர். இந்த நாற்பது அடியை எப்படிப் புரிந்துகொள்வது என்று யோசித்துக்கொண்டே ஊர்ப் பெயர்ப் பலகையைப் பார்த்தேன். திண்டிவனம். புளியங்காடு என்று பொருள் சொல்லப்படும் ஊர். புளிப்பின் பெயரிலேயே ஓர் ஊர் இருக்க, அதன் பேக்கரியில் புளிப்பான காய் ஒன்று பெயரை மறைத்துக்கொண்டு இருக்கிறது.

முதலில், யாருடைய பெயரை அது போட்டுக்கொண்டிருக்கிறதோ அந்த மரத்தைப் பார்த்துவிடலாம். செர்ரியில் இரண்டு வகை: இனிப்புச் செர்ரி, புளிப்புச் செர்ரி. புளிப்புச் செர்ரியின் தாவரப் பெயர் புரூனஸ் செராசஸ். இனிப்புச் செர்ரியும், புதராக வளரும் குட்டைச் செர்ரி ஒன்றும் இயற்கையிலேயே கலந்து பிறந்த மரம் அது. கருங்கடல் கரையில், இன்றைய துருக்கியின் கிரெசுன் நகரத்துக்குப் பழைய பெயர் கெராசஸ். செர்ரி என்ற சொல்லையும் அந்த ஊர்ப் பெயரையும் பழங்காலத்திலிருந்தே இணைத்துப் பேசி வருகிறார்கள். லுகுல்லஸ் என்ற ரோமானியத் தளபதி அந்தப் பக்கம் போருக்குப் போய்த் திரும்பும்போது மரத்தை இத்தாலிக்குக் கொண்டுவந்தார் என்று பிளினி எழுதிவைத்திருக்கிறார். ஈரானியர்கள் இந்தப் பழத்தைச் சோற்றோடு சேர்த்துச் சமைத்து அல்பாலு பொலோ என்கிறார்கள். புளிச்சோறு என்ற எண்ணம் நமக்கு மட்டும் சொந்தமில்லை.

இந்த மரம் திண்டிவனத்தில் வளராது. மண் காரணம் அல்ல, குளிர்தான். இலையுதிர்ந்து தூங்கும் செர்ரி மரம், 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழான குளிரை ஏறக்குறைய 1000 மணி நேரம் அனுபவித்தால்தான் விழித்துக்கொண்டு பூக்கும். விட்டுவிட்டு வந்தாலும் மொத்தக் கணக்கு அவ்வளவு வேண்டும். சேர்த்துப் பார்த்தால் நாற்பது நாளுக்கு மேல். திண்டிவனத்தில் மார்கழி விடியலில் கோலம் போடுகிறவர்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டாலும், வெப்பமானி 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். இங்கே ஒரு செர்ரிக் கன்றை நட்டால் அது காலத்துக்கும் தூங்கிக்கொண்டே இருந்து, ஒருநாள் பட்டுப்போகும். இந்தியாவில் செர்ரி காஷ்மீரத்திலும் இமாசலத்திலும் விளைகிறது. அதுவும் பெரும்பாலும் இனிப்பு வகை. விலையோ கேக்கின் விலையைத் தாண்டும். எனவே பேக்கரிகளுக்கு ஒரு வேஷக்காரர் தேவைப்பட்டார். களாக்காய் அந்த வேஷத்துக்குப் பொருந்தியது. அளவு சரி, சதை கெட்டி, கொதித்தாலும் குழைவதில்லை.

வேஷம் கட்டும் முறையும் சுவையானது. காய் பழுப்பதற்கு முன்பே பறித்து, கீறி, விதையை எடுத்துவிடுகிறார்கள். உப்புநீரிலும் கந்தக டை ஆக்சைடு சேர்ந்த கரைசலிலும் ஊறப்போட்டால் சொந்த நிறம் போய் வெளுத்துவிடும். பிறகு கழுவி, சாயத்தில் கொதிக்கவிட்டு, சர்க்கரைப் பாகில் போட்டு, நாளுக்கு நாள் பாகின் அடர்த்தியை ஏற்றுகிறார்கள். சாயம் பெரும்பாலும் எரித்ரோசின், உணவில் சேர்க்க அனுமதி பெற்ற சிவப்புகளில் ஒன்று. அதை ஏன் தேர்ந்தார்கள் என்பதற்கு வேதியியல் காரணம் உண்டு. அமிலம் இருக்கும் இடத்தில் எரித்ரோசின் கரையாது. பழத்துக்குள் ஏறிய பிறகு சிறிது சிட்ரிக் அமிலம் காட்டினால் போதும், சாயம் சதையிலேயே உறைந்துவிடும்; வெள்ளைக் கிரீமின் மேல் சிவப்பு வழியாது. ஆக, முதலில் காயின் புளிப்பையெல்லாம் ஊறவைத்து வெளியேற்றுகிறார்கள், பிறகு நிறத்தைப் பிடித்துவைக்கக் கொஞ்சம் புளிப்பைக் கடையில் வாங்கி ஊற்றுகிறார்கள். இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பெயர் போகட்டும், புளிப்புக்குமா பதிலி?

இனி ஊர்ப் பெயருக்கு வருவோம். திண்டிவனத்துச் சிவன் கோயில் இறைவன் திந்திரிணீஸ்வரர். திந்திரிணி, திந்திடி என்பவை வடமொழியில் புளியமரத்தின் பெயர்கள். திந்திரிணிவனம் திண்டிவனம் ஆயிற்று என்பது எல்லோரும் சொல்லும் விளக்கம். ஏழாம் நூற்றாண்டில் அப்பர், ஈச்சுரம் என்று முடியும் தலங்களை வரிசையாக அடுக்கிய ஒரு திருத்தாண்டகத்தில் திண்டீச்சுரத்தையும் சொல்கிறார். அதைத் திண்டிவனத்துக் கோயிலாகக் கொண்டு, பதிகத்தில் பெயர் மட்டும் வரும் வைப்புத்தலங்களில் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பெயரில் திண்டி மட்டும்தான் இருக்கிறது, திந்திரிணி இல்லை. மரம் முதலில் வந்து பெயர் பிறந்ததா, திண்டி என்ற பழைய பெயருக்குப் பொருள் தேடிய புலவர் ஒருவர் புளியமரத்தில் போய் நின்றாரா என்ற கேள்விக்கு இடமிருக்கிறது. எப்படியானாலும், ஊர் தன்னைப் புளியங்காடு என்று நம்பிக்கொண்டு பல தலைமுறைகள் வாழ்ந்துவிட்டது. அந்த நம்பிக்கையும் வரலாறுதான். (இருபதாம் நூற்றாண்டில் ஊர்ப் பெயர் வேறொரு செடிக்கும் போயிற்று. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940இல் வெளியிட்ட டி.எம்.வி. 2 நிலக்கடலையில் டி.எம்.வி. என்பது திண்டிவனம்தான். பெயரின் முழு வடிவம் தெரியாமலே அந்த விதையை விதைத்தவர்கள் நாடெங்கும் உண்டு.)

கோயிலையும் தாண்டிப் பின்னால் போனால், இந்த மண்ணின் புளிப்பைப் பற்றி நம்மிடம் ஒரு பழைய சாட்சி இருக்கிறது. இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாகிவிட்ட கிடங்கல், சங்ககாலத்தில் கிடங்கில். ஓய்மாநாட்டுத் தலைவன் நல்லியக்கோடனின் கோட்டை அங்கே இருந்தது. அவனைப் பாடியது சிறுபாணாற்றுப்படை, 269 அடி. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு மரக்காணத்துக்கு வடக்கே கடலோரமாக இன்றும் அதே பெயரில் இருக்கிறது. பரிசில் பெற்ற பாணன் ஒருவன், பசியோடு எதிர்ப்படும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்லும் பாட்டு அது. வழி என்றால் ஊரும் தூரமும் மட்டுமில்லை. எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும் என்பதும்தான். கடலோர எயிற்பட்டினத்தில் சுட்ட மீனும் கள்ளும். மருதநிலத்து ஆமூரில் வெண்சோறும் நண்டும். இடையில் முல்லைநிலத்து வேலூரில் வேட்டுவரான எயினரின் பெண்கள் சமைத்த சுடுசோறு, இனிய புளி சேர்த்தது, ஆமான் இறைச்சிச் சூட்டோடு. எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடும், வேலூரைக் கழுவேலி நீர்நிலைப் பக்கமுள்ள உப்புவேலூரோடும், ஆமூரைத் திண்டிவனத்தை அடுத்த நல்லாமூரோடும் பொருத்திக் காட்டுவார்கள். அப்படியானால் தமிழில் எழுதிவைக்கப்பட்ட மிகப் பழைய புளிச்சோறுகளில் ஒன்று திண்டிவனம் வட்டாரத்துச் சோறு. மீனும் நண்டும் சொன்ன இடங்களில் புளியைச் சொல்லாத புலவர், வேட்டுவர் ஊருக்கு வந்ததும் புளியைச் சொல்கிறார். மேட்டு நிலம், புதர்க்காடு, இறைச்சி, புளி. புளிப்பு வயலிலிருந்து வந்ததல்ல, காட்டிலிருந்து வந்தது.

எந்தப் புளி? உடனே புளியம்பழம் என்று சொல்லிவிடத் தோன்றும். நான் அங்கே கொஞ்சம் தயங்குகிறேன். தயங்கச் சொல்வது தொல்காப்பியம். எழுத்ததிகாரத்து உயிர்மயங்கியலில் புளி என்ற ஒரு சொல்லுக்குத் தனித்தனியே விதிகள் இருக்கின்றன. புளி மரத்தைக் குறித்தால் அடுத்த சொல்லோடு சேரும்போது நடுவே 'அம்' வரும்: புளியங்கோடு, புளியம்பூ. சுவையைக் குறித்தால் அது வராது, மெல்லெழுத்து மிகும்: உரைகாரர்கள் புளிங்கூழ், புளிஞ்சாறு, புளிந்தயிர் என்று காட்டுவார்கள். வல்லெழுத்து மிகுந்தாலும் குற்றமில்லை என்று அடுத்த நூற்பா இடம் கொடுக்கிறது: புளிக்கூழ், புளிச்சாறு. இலக்கணம் படிக்காத வாய்களும் இந்த வேறுபாட்டை இன்றுவரை தவறவிடவில்லை. புளியங்கொட்டை, புளியந்தோப்பு என்போம். ஆனால் புளிக்குழம்பு, புளிச்சாதம். புளியங்குழம்பு என்று யாரும் சொல்வதில்லை.

இந்த விதிகளை வெறும் சந்திக் கணக்காக நான் பார்க்கவில்லை. புளி என்பது முதலில் ஒரு சுவை, பிறகே ஒரு மரம் என்று அவை காட்டிக்கொடுப்பதாக எனக்குத் தோன்றுகிறது. புளிந்தயிர் என்ற எடுத்துக்காட்டில் புளியமரத்துக்கு வேலையே இல்லை. தயிர் தானாகப் புளித்தது. மலையாளத்தைப் பாருங்கள். அங்கே புளி இன்னும் பல மரங்களுக்குப் பொது. நம்முடைய புளிக்கு வாளன்புளி என்று அடைமொழி போட வேண்டும். மீன்குழம்புக்குக் குடம்புளி, ஊறுகாய்க்கு இரும்பன்புளி. நம் பக்கமும் கொடுக்காய்ப்புளி இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த முள்மரம் அது. திண்டிவனம் பேருந்து நிலையத்தில் சுருள்சுருளாக விற்கும். புளிப்பைவிடத் துவர்ப்பும் இனிப்பும்தான் அதில் அதிகம். ஆனாலும் புளி. தமிழ்நாட்டுச் சமவெளியில் ஒரு மரம் மட்டும் மற்றவற்றைத் தள்ளிவிட்டு, சுவையின் பெயரைத் தன் பெயராக எழுதி வாங்கிக்கொண்டது. புளி வாங்கி வா என்று கடைக்கு அனுப்பினால் எந்தப் புளி என்று ஒருவரும் கேட்பதில்லை.

அந்த மரம் எங்கிருந்து வந்தது என்பது தாவரவியல் படித்தவர்களுக்குப் பழைய செய்தி, மற்றவர்களுக்கு எப்போதும் அதிர்ச்சி. புளியமரத்தின் பூர்விகம் வெப்பமண்டல ஆப்பிரிக்கா. இந்தியாவுக்கு அது மிகப் பழங்காலத்திலேயே வந்துவிட்டது. கங்கைச் சமவெளியின் நர்ஹான் அகழாய்வில் கிடைத்த 3000 ஆண்டுப் பழமையான மரக்கரியில் புளியை அடையாளம் கண்டிருக்கிறார்கள். இங்கே வந்து, இங்கேயே வேரோடி, இங்கிருந்து மேற்கே வணிகப் பொருளாகப் போனபோது அரபு வணிகர்கள் அதைத் தமர் ஹிந்தி, இந்தியப் பேரீச்சை, என்றார்கள். டாமரிண்ட் என்ற ஆங்கிலப் பெயர் அதிலிருந்து வந்தது. கோவாவிலிருந்த போர்த்துக்கேய மருத்துவர் கார்சியா ட ஓர்டா 1563இல் அச்சிட்ட நூலில், இது பேரீச்சையும் அல்ல, பனை இனமும் அல்ல என்று விளக்க வேண்டியிருந்தது. 1753இல் லின்னேயஸ் அறிவியல் பெயர் வைத்தபோது டமாரிண்டஸ் இண்டிகா என்றார். இந்திய இந்தியப் பேரீச்சை! ஆப்பிரிக்க மரத்துக்கு ஒரே பெயரில் இரண்டு முறை இந்தியக் குடியுரிமை.

சிறுபாண் வேலூரில் வெந்தது புளியம்பழமாகவே இருக்கலாம். சிறுபாணாற்றுப்படை இடம்பெற்ற அதே பத்துப்பாட்டில் மலைபடுகடாம் என்ற ஆற்றுப்படை, தலையில் நார் உள்ள பழத்தின் புளியை மோரில் கலந்து, மூங்கிலரிசியை உலையிலிட்டுச் சமைப்பதை விவரிக்கிறது. அங்கே சந்தேகம் இல்லை, புளியம்பழம்தான். அந்தப் பாட்டின் தலைவன் நன்னனுக்கு ஊர் செங்கம். திண்டிவனத்தில் கிளம்பும் நெடுஞ்சாலை செஞ்சி, திருவண்ணாமலை வழியாகச் செங்கத்தைத் தொட்டு ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி என்று போகிறது. இரண்டு ஆற்றுப்படைகளின் புளிச்சோறும் ஒரே சாலையில் வருவதும், அந்தச் சாலை முடியும் கிருஷ்ணகிரிதான் இன்று தமிழ்நாட்டின் புளிச் சந்தைகளுக்குப் பேர்போன இடம் என்பதும் தற்செயலாக இருக்கலாம். ஆனால் பேருந்தில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு நாவில் ஊறும்.

புளியம்பழம் மற்றப் பழங்களைத் தள்ளி வென்றதற்குக் காரணம் அதன் அமிலம். செர்ரியிலும் மாங்காயிலும் உள்ள மாலிக், சிட்ரிக் போன்ற அமிலங்கள் பழுக்கப் பழுக்கக் குறையும். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். பழுத்தாலும் அது குறைவதில்லை, இருந்த இடத்தில் இருக்கிறது. அதன்மேல் சர்க்கரை ஏறுகிறது. சதையில் நூற்றுக்கு 8 முதல் 18 பங்கு வரை டார்டாரிக் அமிலமும், அதைப்போல் இரண்டு மடங்கு சர்க்கரையும் இருக்கும். கடும் புளிப்பும் கடும் இனிப்பும் ஒரே ஓட்டுக்குள். ஓராண்டு முழுக்கக் கெடாமல் நிற்பதற்கும் இதுதான் காரணம். களாக்காய்க்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. பறித்த சில நாளில் சுருங்கிவிடும். உப்பிலிட வேண்டும், இல்லையென்றால் அன்றைக்கே தின்ன வேண்டும். பருவத்தில் மட்டும் வரும் புளிப்பு, வருஷம் முழுக்கச் சட்டியில் இருக்கும் புளிப்பிடம் தோற்றது இயல்புதான்.

மயிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஆயா வீட்டில் மாசியில் புளி வேலை தொடங்கும். மரம் ஊர்ப் புறம்போக்கில், ஏரிக்கரைச் சரிவில் நின்றது. நிலம் சர்க்காருடையது, மரத்தின் பலன் ஆயாவுடையது. இதற்கென்றே கிராமக் கணக்கில் ஒரு ஏடு உண்டு. 2சி பட்டா, மரப்பட்டா என்பார்கள். காலடி மண் சொந்தமில்லாமல் தலைக்குமேல் காய் மட்டும் சொந்தமாக இருப்பதை நினைத்தால் இப்போதும் வேடிக்கையாக இருக்கிறது. மாமா ஏறி உலுக்குவார், எட்டாத கிளையைத் தொரட்டியால் இழுப்பார். பொறுக்கி வந்ததை முற்றத்தில் காயப்போட்டால், ஓடு கலகலவென்று தானாக விட்டுக்கொடுக்கும். பிறகு ஓடு தட்டி, நார் உருவி, கல்லின் மேல் வைத்துக் கட்டையால் ஓங்கியும் ஓங்காமலும் ஒரு அடி. அடி பலமானால் கொட்டை உடைந்து சதையில் சிக்கும், மெலிந்தால் பிதுங்காது. ஆயாவின் கை அந்த அளவை மறந்ததே இல்லை. பேசிக்கொண்டே தட்டுவார், பார்ப்பது எங்களை. மரக்காணத்து உப்பு கல்லுக்கல்லாக ஒரு அடுக்கு, புளி ஒரு அடுக்கு என்று பானையில் வைத்து அழுத்தி, வாயைத் துணியால் கட்டிவிடுவார். ஆடியில் திறந்தால் பழுப்பு கருப்பாகியிருக்கும். பழைய புளிக்குத்தான் மருந்துக் குணம் என்பது அவர் கட்சி. கொட்டைகள் எங்களுக்கு. பல்லாங்குழிக்குப் போக மிஞ்சியதை வறுத்து ஊறவைத்துத் தின்போம், தாடை வலிக்கும். அந்தக் கொட்டைப் பருப்பில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கூழாக உறையும் பொருள் இருப்பதை 1942இல் கோஷ், கிருஷ்ணா என்ற இரண்டு இந்திய விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். நூலுக்குக் கஞ்சி போடும் தொழிலில் புளியங்கொட்டை மாவு நுழைந்தது. எங்களுக்கு அது பல்லாங்குழிக் காயோடு நின்றுவிட்டது.

புளியமரம் ஊரோடும் சாலையோடும் ஒட்டிய மரம். காட்டுக்குள் புகுந்து காடாவதில்லை. தன் நிழலில் வேறு எதையும் எளிதில் வளரவும் விடுவதில்லை. ராத்திரியில் இலைகளை மூடிக்கொண்டு கருத்து நிற்கும் அதன் அடியில் படுக்கக் கூடாது என்று சொல்லிவைத்தார்கள், பேயையும் குடியேற்றினார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் சாலை ஓரங்களுக்கு அது பிடித்த மரமாயிற்று. நிழலும் தந்தது, காயை ஏலம் விட்டால் பணமும் தந்தது. சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் பெருஞ்சாலையில், செங்கல்பட்டைத் தாண்டித் திண்டிவனம், விக்கிரவாண்டி, விழுப்புரம் வரை இரு பக்கமும் கிளைகோத்து நின்ற புளியமரங்களை நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் பார்த்திருப்பார்கள். அடிமரத்தில் வெள்ளையடித்து, கருப்புப் பட்டை போட்டு, எண் எழுதியிருப்பார்கள். பேருந்தின் மேல் கேரியரில் கட்டிய மூட்டையைக் கிளை உரசும் சத்தம் கேட்கும். அந்த ஊர்ப் பெயருக்குக் கண்முன் கிடைத்த ஒரே அத்தாட்சி அந்த மரங்கள்தான். 2000க்குப் பிறகு சாலை நான்கு வழியானது, மரங்கள் போயின. விபத்து குறைய, வேகம் கூட, அகலம் தேவைப்பட்டது; அதை மறுக்க முடியாது. ஆனால் இப்போது சாலை நடுவே அரளிதான் பூக்கிறது. திண்டிவனத்தைத் தாண்டும்போது, இது ஏன் புளியங்காடு என்று குழந்தை கேட்டால் கைகாட்ட ஒரு மரம் தேட வேண்டும்.

உண்மையான புளியங்காடு ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டால் வேறு மாநிலத்துக்குப் போக வேண்டும். பெங்களூரு விமான நிலையத்துக்கு அருகே, தேவனஹள்ளிப் பக்கம் நல்லூரில், ஏறக்குறைய 54 ஏக்கரில் முந்நூறு போலப் புளியமரங்கள் நிற்கின்றன. 2007இல் நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அதை அறிவித்தார்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தேர்ந்தெடுத்த பி.கே.எம். 1 ஒட்டுக்கன்று மூன்று நான்கு ஆண்டில் காய்ப்பதால் புளித்தோப்பு போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதுவும் அதிகம் வறண்ட மேற்கு மாவட்டங்களில்தான்.

களாவுக்கு, எனக்குத் தெரிந்து இந்தப் பக்கம், இப்படி ஊர்ப் பெயரும் இல்லை, ஏலமும் இல்லை, பட்டாவும் இல்லை. ஆனால் இந்த மண்ணில் அதற்கு மூத்த உரிமை உண்டு. விசாகப்பட்டினத்திலிருந்து ராமநாதபுரம் வரை கடற்கரையை ஒட்டிய குறுகிய பட்டையில் ஒரு தனி வகைக் காடு இருந்தது. மழை குறைவு, வருஷத்தில் பாதி நாள் வறட்சி. ஆனாலும் இலை உதிர்க்காத காடு. வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று நீட்டிச் சொல்வார்கள். காசா மரம், உலக்கைப்பாலை, நாவல், இவற்றுக்கிடையே முள்ளும் புதருமாகச் சிறுகளா, சொத்தைக்களா. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பிளாஸ்கோவும் லெக்ரியும் 1973இல் கோடியக்கரை, மரக்காணம் காடுகளைப் பற்றி எழுதியபோதே அவை துண்டுதுண்டாகிவிட்டிருந்தன. சிறுபாண் பாணன் நடந்த வழி இந்தக் காட்டை ஒட்டியது என்பதை நினைத்துப் பார்க்கிறேன். அவன் தோளில் தொங்கிய சீறியாழின் கரிய தண்டுக்குப் புறநானூற்றுப் புலவர்கள் சொல்லும் உவமை களாப்பழம். வேலூர்ப் பெண்களின் சட்டிக்குள் களாவும் போயிருக்குமா என்பதைப் பாட்டு சொல்லவில்லை. போகாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

களாவில் இரண்டு உண்டு. நம் புதர்க்காட்டில் தானாக முளைப்பது சிறுகளா. பட்டாணியைவிடக் கொஞ்சம் பெரிது, பழுத்தால் இனிப்பு எட்டிப்பார்க்கும். பேக்கரிக்குப் போவது அதன் பெரிய உறவு, பெருங்களா. வட மாநிலங்களில் வேலிக்கும் வருமானத்துக்கும் நடுகிறார்கள். இரண்டுக்கும் வெள்ளைப் பூ, மல்லிகை போல வாசம், ஜோடி முள், கிள்ளினால் பால். அரளிக் குடும்பம் என்பதால் அந்தப் பால். முள்வேலி மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு வேலிக்களாவை எடுத்துவிட்டார்கள். சவுக்கும் முந்திரியும் வந்த இடத்தில் புதர் போயிற்று. 1968இல் ஆரோவில் தொடங்கியபோது வானூர்ப் பக்கம் செம்மண் பாலம்பாலமாகப் பிளந்து கிடந்தது. அங்கே காடு வளர்த்தவர்கள் கடைசியில் இந்தப் பழைய காட்டு மரங்களின் விதையைத் தேடித்தான் போக வேண்டியிருந்தது. 2021இல் கழுவேலியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்த பிறகு கரையோரப் புதர்களுக்கும் கொஞ்சம் காவல் கிடைத்திருக்கிறது.

அந்தக் காடு அழியாமல் மிஞ்சிய இடங்கள் பெரும்பாலும் அய்யனார் காவலில் உள்ளவை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு அப்படிப்பட்டது. புதுவைப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள் மரம் மரமாக அளந்து எழுதிய காடு. போன ஆனியில் அங்கே போயிருந்தேன். பொங்கல் வைக்க வந்த குடும்பம் ஒன்று விறகை ஊரிலிருந்தே ஆட்டோவில் கொண்டுவந்திருந்தது. காட்டுக்குச்சியை ஒடித்தால் அய்யனார் சும்மா விடமாட்டார் என்றார் அந்தக் குடும்பத்துப் பெரியவர். "பழம்?" என்று கேட்டேன். "கீழ விழுந்தது உங்குளுது" என்றார்.

மண் குதிரைகளுக்குப் பின்னால் ஒரு சிறுகளாப் புதர். கொண்டைக்குருவிகள் தின்றது போக, அடியில் சருகின் மேல் ஏழெட்டுக் கிடந்தன. கருத்த ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். முதலில் இனித்தது, பிறகு நாக்கின் இரு ஓரமும் இழுத்துக்கொண்டது. இன்னொன்று முழுதாகப் பழுக்காதது. காம்பிலிருந்து பால் கசிந்து விரலில் ஒட்டியது. சாலைக்கு வந்து திண்டிவனம் பஸ் ஏறி, கண்டக்டரிடம் டிக்கெட்டுக்கு நீட்டிய நோட்டு விரலைவிட்டு வர மறுத்தது. "இன்னா சார், கோந்தா?" என்றார். களாக்காய்ப் பால் என்றேன். "எங்க கெடக்குது இப்போ?" என்று கேட்டவர், பதிலுக்கு நிற்காமல் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.